சோழவந்தான் மாரிஸ் மைனர்: பிளஸ் எந்தப் பக்கம்?

வண்டி: மாரிஸ் மைனர், 803 சிசி இன்ஜின், 1950களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. இடம்: சோழவந்தானுக்கு எதிரே, வைகையின் தென்கரையில் ஒரு தென்னந்தோப்பு வீட்டு ஷெட். தீர்க்க வேண்டிய கேள்வி: பேட்டரியின் பிளஸ்ஸை வண்டியின் உடம்போடு கட்டுவதா, மைனஸ்ஸையா? உடம்போடு கட்டும் பக்கத்தைத்தான் எர்த் என்கிறோம்.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருடைய அப்பா தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து இந்த வண்டியை வாங்கி வந்தவர். அப்பா போன பிறகு வண்டி ஷெட்டிலேயே கிடந்தது. இப்போது மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மதுரையில் பெயின்ட் வேலை முடிந்தது, டயர் கிடைத்தது, புதுப் பேட்டரியும் வந்தது. பேட்டரியை மாட்டிக் கொடுக்க வந்த கடைப் பையன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “இது பழைய லண்டன் வண்டி போல இருக்கிறது, எர்த் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கை வைக்க மாட்டேன்” என்று சொல்லிப் பேட்டரியைத் தரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள். இருபது வயதில் இந்த நிதானம் எனக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவன் சொன்ன விவரம் சரி. இன்று தயாராகும் எந்தக் காரிலும் மைனஸ் உடம்போடு இருக்கும், கேள்வியே எழாது. ஆனால் 1930களின் நடுவிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் உடம்பில் கட்டப்பட்டது. அந்த வண்டிகளுக்கு, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் டைனமோ, தீப்பொறிக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயில், பேட்டரி சார்ஜ் ஆவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் பெட்டி என்று மின்சாமான்களைச் செய்து கொடுத்தது பெரும்பாலும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். டெர்மினல் அரிப்பு குறையும், பிளக் நன்றாக வேலை செய்யும் என்று அதற்குக் காரணங்கள் சொன்னார்கள். மதுரைக்காரர்களுக்கு லூகாஸ் அந்நியப் பெயரும் இல்லை. 1911இல் இந்த ஊரில் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் குடும்பத்தின் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்–டிவிஎஸ் வந்தது. மேல வெளி வீதியில் டிவிஎஸ் கட்டடத்தைக் கடந்து போகாத ஆட்டோ எலக்ட்ரீஷியன் மதுரையில் கிடையாது.

ஆகவே தொழிற்சாலையிலிருந்து இறங்கியபோது இந்த மைனரின் உடம்பில் பிளஸ்தான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது. இவ்வளவு வயதான வண்டியில் யார் யார் கை வைத்தார்கள், எதை மாற்றினார்கள், எதை மாற்றாமல் விட்டார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

வண்டிக்காரர் முதலிலேயே ஒரு வாதத்தை வைத்தார். பெயின்ட் வேலைக்கு முன்னால் ஒரு மெக்கானிக் வந்து டிராக்டர் பேட்டரியைக் கொண்டு இன்ஜினை ஓட்டிக் காட்டியிருக்கிறார். காயிலில் எண்ணெய் கசிந்ததால் புதுக் காயில் போட்டதும் அவரே. “மைனஸ்ஸை உடம்பில் வைத்துத்தான் ஓட்டினார் தம்பி. நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் என்ன யோசனை?”

“ஓடும் ஐயா. திருப்பிக் கட்டியிருந்தாலும் ஓடியிருக்கும்” என்றேன்.

அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. வராததும் நியாயம்தான், ஏனென்றால் இது கேட்பதற்கு விநோதமாகத்தான் இருக்கும். செல்ஃப் மோட்டாரில் உள்ளே சுற்றுகிற சுருளும் வெளியே நிற்கிற சுருளும் ஒரே வரிசையில் இணைந்தவை. மின்சாரத்தின் திசையைத் திருப்பினால் இரண்டின் காந்தமும் சேர்ந்தே திரும்பும். மோட்டார் அதே பக்கம்தான் சுற்றும். பல்புக்கும் ஹாரனுக்கும் திசை பொருட்டே இல்லை. பாயிண்ட், அதாவது திறந்து மூடும் தொடுமுனை, வைத்த பழைய எஸ்யு கம்பெனி பெட்ரோல் பம்ப்பும் இரு பக்கமும் அடிக்கும். காயில் திரும்பினாலும் தீப்பொறி வரும், பலம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எனவே “ஓடியது” என்பது சாட்சியத்தில் சேராது.

மற்ற சாட்சிகளைப் பார்த்தேன்.

கண்ணில் முதலில் பட்டது டேப். பேட்டரித் தட்டுக்கு வரும் இரண்டு தடித்த வயர்களில் ஒன்றின் நுனியில் சிவப்பு டேப், உடம்பில் போல்ட் போட்டிருந்த பட்டையின் நுனியில் கறுப்பு டேப். பளபளவென்று இருந்தது, ஒரு கோடைகூடப் பார்க்காத டேப். இது அந்த மெக்கானிக்கின் வேலை என்பது தெளிவு. அவர் எப்படி முடிவு செய்தார் என்பதும் ஊகிக்க முடிந்தது. லூகாஸ் வயரிங்கில் எர்த் வயர் எப்போதும் கறுப்பு. பிளஸ் உடம்பில் இருந்தாலும் கறுப்பு, மைனஸ் இருந்தாலும் கறுப்பு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வருவது பழுப்பு, சாவி திருப்பினால் உயிர் பெறுவது வெள்ளை, அதுவே ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. நிறம் வயரின் வேலையைச் சொல்லும், பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று சொல்லாது. இந்த வண்டியில் நூல் பின்னிய வயர்கள். வெளியே தெரிந்த பகுதி எல்லாம் ஒரே அழுக்கு நிறம். கட்டைப் பிரித்து, வெயில் படாத மடிப்பை விரலால் தேய்த்த பிறகுதான் பழுப்பும் வெள்ளையும் தெரிந்தன. கறுப்பு மட்டும் தேய்க்காமலேயே கறுப்பாக இருந்தது. இன்றைய வண்டிகளில் பழகிய கண் அதைப் பார்த்தவுடன் மைனஸ் என்று எழுதிவிடும்.

காயிலும் மைனஸ் எர்த் என்றே சொன்னது. பழைய லூகாஸ் காயிலில் பிளஸ், மைனஸ் குறியே இருக்காது. ஒரு முனையில் சுவிட்ச் பக்கம், மறுமுனையில் பாயிண்ட் பக்கம் என்பதற்கான எழுத்துகள் மட்டும் இருக்கும். இதில் இருந்தது புதுக் காயில். அதன் பிளஸ்ஸில் வெள்ளை வயர், மைனஸ்ஸில், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வயர். பின்விளக்கில் எல்இடி பல்பு. கையிலிருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன், பல்பின் உடம்பில் மைனஸ் வைத்தால் மட்டுமே எரிந்தது. ஆனால் கடையில் கிடைப்பதே அப்படிப்பட்ட பல்புதான். அது கடையைப் பற்றிய சாட்சி, வண்டியைப் பற்றியது அல்ல.

திருவேடகத்திலிருந்து அப்பா காலத்து டிரைவர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். எண்பதைத் தாண்டியவர், குரலில் தளர்ச்சி இல்லை. “சிவப்புதான் தம்பி உடம்புக்கு. பெரிய ஐயா தானே நின்று மாட்டச் சொல்வார்” என்றார். சிறிது நேரம் கழித்து, “அது ஃபியட்டிலா, இதிலா…” என்று அவரே இழுத்தார். ஃபியட் 1100இல் மைனஸ்தான் உடம்பு. இரண்டையும் ஓட்டியவருக்கு இவ்வளவு வருடம் கழித்துக் குழம்பாவிட்டால்தான் ஆச்சரியம். பெரியவரின் சொல்லைப் பாதி சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

மீதிப் பாதி டிக்கியில் கிடைத்தது. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் நட்டு, வாஷர், உடைந்த பிளக்குகளுக்கு அடியில் இரண்டு ஈயத் தொப்பிகள். இப்போது பேட்டரி முனையைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் போடுகிறோம். அந்தக் கால லூகாஸ் முறையில் முனையின் தலையில் ஒரு ஈயத் தொப்பியைக் கவிழ்த்து, நடுவில் ஒரு திருகாணியை இறக்கிவிடுவார்கள். ஒரு தொப்பியின் வாலில் உருண்டை வயரின் துண்டு இருந்தது. மற்றதில் தட்டையாகப் பின்னிய செம்புப் பட்டையின் துண்டு. அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு போய் வண்டி உடம்பில் தொங்கிய எர்த் பட்டையின் பக்கத்தில் பிடித்தேன். ஆக்ஸா பிளேடு சாய்வாகப் போயிருக்கிறது. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறைந்த அந்தச் சாய்வு இரண்டிலும் அப்படியே பொருந்தியது. நடுவில் பிசிறாக நின்ற நான்கைந்து இழைகள்கூட எதிர்ப்பக்கத்துக் குழியில் உட்கார்ந்தன. ஆக, இந்த வண்டியின் உடம்பைப் பேட்டரியோடு இணைத்தது இந்தத் தொப்பிதான்.

இனி அது எந்த முனைக்கானது என்று பார்க்க வேண்டும். பேட்டரியின் இரண்டு முனைகளும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. மாற்றிப் போடக் கூடாது என்பதற்காகவே பிளஸ்ஸைப் பருமனாக வார்க்கிறார்கள். வழக்கமான பெரிய முனைகளில் பிளஸ்ஸின் மேல்விட்டம் 17.5 மில்லிமீட்டர், மைனஸ் 15.9. வெர்னியரை உள்ளே விட்டு அளந்தேன். பட்டை தொங்கிய தொப்பிதான் பெரியது. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டி வந்தது. பட்டையும் தொப்பியும் ஈயப் பற்றால் ஒன்றானவை, பிற்காலத்தில் யாரும் மாற்றி இணைத்திருக்க முடியாது. அப்பா காலத்தில் பிளஸ்தான் உடம்பில் இருந்திருக்கிறது. டிரைவர் பெரியவர் சொன்னதும் சரியாகிவிட்டது.

மாற்று வேலை செய்தவர் புதுக் கிளாம்ப் போடும்போது பழைய தொப்பிகளைத் தூக்கி எறியாமல் டின்னில் போட்டு வைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய வண்டி வேலையில் குப்பைத்தொட்டிதான் பெரிய எதிரி.

அடுத்தது டைனமோ. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் டைனமோவை விட நல்ல சாட்சி கிடையாது. நின்றுபோன டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். மறுபடி சுற்றத் தொடங்கும்போது அந்த மிச்சக் காந்தம்தான் முதல் துளி மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்தத் துளி தன் காந்தச் சுருளுக்கே போய்ப் பெரிதாகிறது. எனவே கடைசியாக எந்தத் திசையில் வேலை செய்ததோ அதே திசையில்தான் அடுத்த முறையும் தொடங்கும். டைனமோவின் மின்சாரம் வெளியே வரும் டி முனை, காந்தச் சுருளுக்குப் போகும் எஃப் முனை இரண்டிலிருந்தும் வயர்களைக் கழற்றினேன். மீட்டரின் சிவப்புக் கம்பி டி முனையில், கறுப்புக் கம்பி டைனமோ உடம்பில். புல்லி நட்டில் சாக்கெட் வைத்து எலக்ட்ரிக் டிரில்லால் சுற்றினேன். சுற்றும் திசையில் கவனம் வேண்டும்: முன்னால் நின்று புல்லியைப் பார்த்தால் கடிகார முள் ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் குறி மாறிவிடும், முடிவும் தலைகீழாகிவிடும். டிரில் வேகம் எடுத்ததும் மீட்டர் ஒன்றரை வோல்ட்டைத் தொட்டது. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி.

உடம்பைவிட டி முனை மைனஸ் என்றால் உடம்பு பிளஸ். தொப்பி சொன்னதையே டைனமோவும் சொன்னது.

அப்படியானால் அந்த மெக்கானிக் மைனஸ்ஸை உடம்பில் வைத்து ஓட்டியபோது டைனமோ ஏன் திசை மாறவில்லை? அதற்கான பதில் வண்டிக்காரரின் மனைவியிடம் இருந்தது. “பெல்ட் துண்டு துண்டாகப் போயிருந்தது. அதை அறுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓட்டினார்கள். சூடாகிவிடும் என்று உடனே நிறுத்தியும் விட்டார்கள்” என்றார். பெல்ட் இல்லை, ஆகவே டைனமோ சுற்றவே இல்லை. இன்ஜின் புது முறையில் ஓடியது, டைனமோ பழைய முறையை நினைவில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

அந்தப் பெல்ட் நல்ல பெல்ட்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கட்-அவுட் என்று ஒரு காந்தச் சுவிட்ச் உண்டு. லூகாஸ் ஆர்பி106 போன்ற சார்ஜ் பெட்டிகளில் ரெகுலேட்டரோடு பக்கத்திலேயே இருக்கும். டைனமோ சுமார் 13 வோல்ட்டை எட்டியதும் கட்-அவுட் மூடிக்கொண்டு பேட்டரியை இணைக்கும். மூடுவது காந்தம், அதற்குப் பிளஸ், மைனஸ் தெரியாது. ஆகவே டைனமோ தலைகீழாக 13 வோல்ட் கொடுத்தாலும் மூடும். அந்தக் கணத்தில் பேட்டரியின் 12 வோல்ட்டும் டைனமோவின் 13 வோல்ட்டும் எதிரெதிராக நிற்பதற்குப் பதில் ஒன்றோடொன்று கூடிவிடும். 25 வோல்ட், தடுக்க நடுவில் ஏதும் இல்லை. இருபது ஆம்பியருக்குள் வேலை செய்யப் பழகிய அந்தச் சிறு தொடுமுனைகள் கருகும், அல்லது உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம்: இன்ஜினை நிறுத்திய பிறகும் பேட்டரி டைனமோ வழியாக வடிந்துகொண்டே இருக்கும், வயர் சூடாகிப் புகையும். சில வண்டிகளில் அந்த அடியிலேயே டைனமோ திசை மாறி, எல்லாம் தானாகச் சரியானதுபோல் ஓடுவதும் உண்டு. அதை நம்பி யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

கட்-அவுட் மூடுவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை கிடைக்கும். டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு வழக்கமாக இன்ஜின் வேகம் கூடக்கூட மங்கி அணையும். டைனமோ தலைகீழாக இருந்தால் வேகம் கூடக்கூட அது பிரகாசமாகும். அப்படிக் கண்டால் உடனே சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

நல்ல வேளையாக இந்த வண்டியின் சார்ஜ் பெட்டியைத் திறந்தபோது தொடுமுனைகளில் பூத்திருந்தது பச்சைக் களிம்பு மட்டும்தான், கருகல் இல்லை.

இனி எதை வைத்துக்கொள்வது? பழையவை எல்லாம் பிளஸ் எர்த்துக்கு, புதியவை எல்லாம் மைனஸ் எர்த்துக்கு. வண்டி பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. வண்டிக்காரருக்கு அப்பா வைத்தபடியே இருக்க வேண்டும் என்று ஆசை. பழைய வண்டிப் பிரியர்களில் பலரும் அவர் பக்கம்தான் நிற்பார்கள். நான் மாற்றிவிடலாம் என்று சொன்னேன்.

காரணம் இதுதான். இந்த வண்டி கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் நின்றுபோனால், பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் இழுக்க நாலு பேர் ஓடி வருவார்கள். அந்த நாலு பேருக்கும் கறுப்புக் கேபிள் உடம்பில் என்பதுதான் தெரியும். அடுத்தது, வண்டிக்காரரின் மகன் செல்பேசி சார்ஜர் வைக்கச் சொல்லியிருந்தார். அந்தச் சாக்கெட்டின் வெளிக்கூடு மைனஸ். பிளஸ் எர்த் வண்டியில் அதை உடம்பில் படாமல் தனியாக மாட்டினாலும், செல்பேசி ஒயரின் உலோக நுனி எங்காவது இரும்பில் பட்டால் ஷார்ட்தான். மூன்றாவது, இந்த மைனரில் திசை பார்க்கும் சாமான்கள் காயிலும் டைனமோவும் பின்விளக்கின் எல்இடி பல்பும் மட்டுமே. ரேடியோ இல்லை, மின்சாரக் கடிகாரம் இல்லை. காயிலும் பல்பும் ஏற்கெனவே மைனஸ் எர்த்துக்கு மாறிவிட்டன. டைனமோவின் திசையை மாற்றுவது ஒரு நொடி வேலை. அபூர்வமான ரேடியோ ஒன்று இருந்திருந்தால் நானே பிளஸ் எர்த் பக்கம் பேசியிருப்பேன்.

“தொப்பிகளை மட்டும் பத்திரமாக வையுங்கள் ஐயா. பின்னால் யாராவது பழைய முறைக்குத் திருப்ப நினைத்தால் வேண்டும்” என்றதும் அவர் சம்மதித்தார்.

வேலை பெரியதில்லை. பேட்டரிக்கு ஒரு சார்ஜ் போட வீட்டில் கிடந்த சார்ஜரை எடுத்தால் அதன் கிளிப்புகளின் நிறம் எப்போதோ போயிருந்தது. மீட்டரை எடுப்பதற்குள் டிரைவர் பெரியவர் சமையலறையிலிருந்து பாதி உருளைக்கிழங்கோடு வந்துவிட்டார். வெட்டிய முகத்தில் இரண்டு செம்புக் கம்பிகளை விரலிடை விட்டுக் குத்தி, கிளிப்புகளை மாட்டி, சார்ஜரைப் போட்டார். சற்று நேரத்தில் ஒரு கம்பியைச் சுற்றி மட்டும் பச்சை வளையம் படர்ந்தது. மற்றதைச் சுற்றி நுரை. “பச்சை பிளஸ்” என்றார். செம்பு கரைவது பிளஸ் பக்கம்தான். மீட்டரும் அதையே சொன்னது.

பெயின்டர் எர்த் பட்டையின் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகாக அடித்திருந்தார். அதை வெள்ளி தெரியச் சுரண்டினேன். பெயின்ட் முடித்து வரும் எல்லா வண்டியிலும் இந்த வேலை ஒன்று மிச்சமிருக்கும். பிறகு பேட்டரியின் மைனஸ்ஸை உடம்பில் கட்டினேன். பிளஸ் முனைக்கும் பழுப்பு வயருக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எங்காவது ஷார்ட் இருந்தால் வயர் எரிவதற்குப் பதில் பல்பு எரியும். எரியவில்லை. டைனமோவின் எஃப் முனையில் வயர் இல்லாமல் இருக்கும்போதே, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை எடுத்து அந்த முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுத்தேன். சின்னப் பொறி. மறுபடி டிரில்லால் சுற்றியபோது மைனஸ் குறி போய்விட்டது. டைனமோ திரும்பிவிட்டது. சார்ஜ் பெட்டிக்குத் திசை பொருட்டல்ல என்பதால், களிம்பைத் துடைத்து அப்படியே விட்டேன்.

புதுப் பெல்ட் போட்டு, செல்ஃப் குமிழை இழுத்ததும் இன்ஜின் பிடித்தது. வேகம் கொடுக்கச் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. பேட்டரி முனையில் மீட்டர் 14 வோல்ட்டை ஒட்டி நின்றது. காயில் சரிதானா என்பதற்கும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. பிளக்கின் நடுமுனை மைனஸாக இருக்க வேண்டும்; சூடான நடுமுனையிலிருந்து எலக்ட்ரான் எளிதில் கிளம்பும் என்பதால் தீப்பொறிக்குக் குறைந்த வோல்ட்டே போதும். பிளக் வயரைக் கழற்றி, பிளக்குக்கும் வயருக்கும் நடுவே மரப் பென்சிலின் கரி முனையை, நன்றாகக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்துப் பார்த்தேன். பொறியின் ஆரஞ்சுத் தீற்றல் பிளக் பக்கமாக அடித்தது. அது சரியான பக்கம்.

பேட்டரித் தட்டின் மேல் வெள்ளைப் பெயின்டில், “மைனஸ் உடம்பில். மாற்றப்பட்ட வண்டி” என்று எழுதச் சொன்னேன். வண்டிக்காரரே தேதியும் சேர்த்து எழுதினார்.

கிளம்பும்போது ஷெட்டின் பரணில் சாக்குப் பையில் சுற்றிய இன்னொரு டைனமோவைக் காட்டினார். அப்பா வாங்கி வைத்த ஸ்பேர். அது நிச்சயம் பழைய திசையில்தான் இருக்கும், பிளஸ் எர்த் நாட்களில் ஓடியது. அதையும் கீழே இறக்கி, உடம்பில் மைனஸ் வைத்து எஃப் முனையைத் தொட்டுத் திருப்பிவிட்டு ஒரு அட்டை கட்டினேன். பரணில் கிடக்கும் டைனமோவின் மிச்சக் காந்தம் தட்டுப்பட்டாலும் விழுந்தாலும் குறையக் கூடியது. ஆகவே அட்டையில் நான் எழுதியது, “மாட்டியதும், பெல்ட் போடுவதற்கு முன், எஃப் முனையில் மறுபடி ஒரு முறை தொடவும்” என்பது.